பூப் பொட்டலம் கட்டினவன்

சாமி இல்லைன்னு சொல்றதுக்கு ஊருக்கு ஒருத்தன் இருப்பான். உத்திரமேரூர் பக்கத்தில் எங்க ஊருக்கு அந்த ஒருத்தன் நான்தான். பஜாரில் மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருசமா எரிஞ்சுபோன மோட்டாரைப் பிரிச்சு, கருகின கம்பியை உருவிப் போட்டுட்டு, புதுக் கம்பி சுத்திக் கட்டுறது என் வேலை. மோட்டார் எரிஞ்சா அதுக்குக் காரணம் இருக்கும். வோல்டேஜ் கம்மியா வந்திருக்கும், இல்ல தண்ணி இல்லாம ஓட விட்டிருப்பான், இல்ல பேரிங் பிடிச்சிருக்கும். "கெட்ட நேரம் மெக்கானிக்கு, எரிஞ்சிபோச்சி"ன்னு எவனாவது வந்து நின்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். "நேரம் எரிக்கலய்யா, நீ எரிச்ச"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். அதனால எனக்கு சிநேகிதக்காரங்க கம்மி. அதைப் பத்தி நான் பெரிசா கவலைப்பட்டதும் இல்லை. வாதம் பண்ண எனக்கு வெளியில் ஆள் தேவைப்படல. வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள்.

என் சம்சாரம் படிச்சது அஞ்சாம் கிளாஸ். நடவு, களை, அறுப்பு, அப்புறம் நூறு நாள் வேலைன்னு வெயிலிலேயே கிடந்த உடம்பு. ஏரிக்கரை அம்மன்னா அவளுக்கு உசிரு. செவ்வாய், வெள்ளி போகாம இருக்க மாட்டாள். நான் தென்னேரிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவன். கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமையே, "நான் வரல, எனக்கு சாமி கெடையாது"ன்னு சொல்லிட்டேன். அழுவாள்னு எதிர்பார்த்தேன். "உனக்கு கெடையாது, சரி. எனக்கு கீது. நீ வூட்டாண்ட குந்திக்கினு இரு, நான் போயிட்டு வரேன்"னு கூடையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாள். அன்னிக்கு ஆரம்பிச்ச வழக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. முப்பது வருசமா நாங்க ரெண்டு பேரும் பேசின பேச்சுதான் அந்த வீட்டில் சத்தம்.

ஒரு தடவை நல்லா ஏத்திக்கிட்டு வந்து வாசலிலேயே வாந்தி எடுத்துட்டேன். மறுநாள் காலையில் அவள் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "எல்லாம் அம்மன் செயல்னு சொல்லுவியே. நான் குடிச்சதும் அவ செயல்தானே? அவளப் போயி கேளு"ன்னேன். என்னமா மடக்கிட்டோம்னு எனக்கே என் மேல ஒரு மெப்பு. அவள் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே திரும்பினாள்.

"குடிச்சது நீ. கழுவினது நான். இதுல அவ எங்க வந்தா?"

"அப்ப எதுதாமே அவ செயலு?"

"அதத்தான் நானும் தேடிக்கினு கீறேன்"னு சொல்லிட்டு வாசலைக் கழுவப் போயிட்டாள்.

இப்படித்தான். சாமி இல்லைன்னு மேடையில் பேசுறவங்க பேச்சை எல்லாம் வாலிபத்தில் முதல் வரிசையில் உக்காந்து கேட்டவன் நான். அங்கே கேட்டதை எல்லாம் இவகிட்ட கொண்டுவந்து போடுவேன். இவள் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொல்லுவாள், நான் கொண்டுவந்ததெல்லாம் சாய்ஞ்சுடும். எனக்குக் கோவம் வரும். ஆனா கடையை மூடிட்டு சைக்கிளை மிதிக்கும்போதே, இன்னிக்கு அவளை எதில் மடக்கலாம்னு யோசிச்சுக்கிட்டேதான் வருவேன். அது எவ்வளவு பெரிய சந்தோசம்னு அப்போ எனக்குத் தெரியல.

ஒரே ஒரு தடவை நான் கேட்டது வாதம் இல்லை, பாவம். ஒரு ஐப்பசி மழை. வரிசையா குனிஞ்சு நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்களில் ஒருத்தி மேல இடி விழுந்தது. என் சம்சாரத்துக்குப் பக்கத்தில் நின்னு நட்டவள். எங்க பக்கத்து வீடும் கூட. ரெண்டு பேரும் அதே வெள்ளிக்கிழமை, அதே கோயில்ல, அதே தட்டில் குங்குமம் எடுத்தவங்க. இவள் இடுப்பு வரைக்கும் சேறோட வீட்டுக்கு வந்து நடுங்கிக்கிட்டே, "அம்மா என்ன காப்பாத்திட்டாய்யா"ன்னாள். பொழைச்சு வந்தாளேன்னு கையைப் பிடிச்சிருக்கலாம். வாய் சும்மா இருக்கல எனக்கு.

"உன்ன காப்பாத்தினது அவதான்னா, அந்தப் பொண்ண கொன்னது யாரு?"

மூணு நாள் என்னோட பேசல. சோறு போடுவாள், தண்ணி வைப்பாள், மூஞ்சியைப் பார்க்க மாட்டாள். நாலாம் நாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னாள்:

"நீ கேட்டத போயி கேட்டேன்."

"யாராண்ட?"

"அம்மாகிட்ட. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிட்டு வந்தேன். உனுக்குக் கண்ணு கீதான்னு கேட்டேன்."

"பதிலு சொன்னாளா?"

"சொல்லல."

"இருந்தாத்தானே சொல்லுவா."

ரசத்தை ஊத்திக்கிட்டிருந்த கை நின்னது. "இல்லன்னு சொல்ட்டா நான் யாரப் போயி திட்டுவேன்? இடியயா?"ன்னு கேட்டாள்.

குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சேன்.

அப்புறம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. முதலில் ஏரிக்கரை ஏறும்போது, அப்புறம் குடம் தூக்கும்போது, அப்புறம் சும்மா உக்காந்திருக்கும்போதே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போச்சு, அதை மாத்தணும்னாங்க. வால்வுன்னா எனக்குத் தெரியாதா? தெரியும்னுதான் நெனச்சேன். டாக்டர் நல்ல மனுசன், பொறுமையா சொன்னார். மாத்திரையிலேயே ஓட்டலாம், ஆனா உடம்பு இப்படியே இறங்கிக்கிட்டே போகும். ஆபரேசன் பண்ணா நல்லாயிடறதுக்கு வாய்ப்பு இருக்கு, உசிருக்கு ஆபத்தும் இருக்கு. ரெண்டையும் சொல்லிட்டேன், முடிவு நீங்கதான் எடுக்கணும்னார்.

பஸ்ஸில் வரும்போதே நான் முடிவு எடுத்துட்டேன். கெட்ட வால்வை வெச்சுக்கிட்டு எதை ஓட்டுறது? மாத்த வேண்டியதுதான். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னாள்: "அம்மாகிட்ட பூ வெச்சி கேக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. "உசுரு விசயம்மே இது! பூவ கேட்டா முடிவு பண்ணுவாங்க?"

"ஏன், நம்ம உத்திரமேரூர்ல அந்தக் காலத்துல ஊரே குடத்துல கைய வுட்டு ஆள் எடுத்துச்சின்னு கல்லுல கீதுன்னு நீதானே சொன்ன? ஊரு கைய வுடலாம், நான் ஒரு பூ எடுக்கக் கூடாதா?"

"அவங்க தகுதியானவன் பேர மட்டும் எழுதி குடத்துல போட்டாங்க. சும்மா போடல."

"நானும் சும்மா கேக்கலயே. டாக்டரு சொன்னதத்தான் கேக்கப் போறேன். உனுக்கு டாக்டரு சொன்னா போதும். எனக்கு அவளும் சொல்லணும்."

பூ வெச்சுக் கேக்கிறது தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியா பூவரசு இலையில் மடிச்சு, வாழைநாரால் கட்டி, எது எதுன்னு தெரியாதபடி அம்மன் காலடியில் வைக்கணும். கற்பூரம் காட்டினப்புறம் கேக்கிறவங்க ஒரு பொட்டலத்தை எடுக்கணும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்க்கக் கூடாது, அப்படியே ஏரித் தண்ணியில் போட்டுடணும். தென்னேரிப் பக்கம் எங்க அம்மா எத்தனையோ தடவை கேட்டதைச் சின்ன வயசில் பார்த்திருக்கேன். வெள்ளை வந்தா செய்யலாம், சிவப்பு வந்தா வேணாம். இதில் தெரிஞ்சுக்க என்ன பெரிய வித்தை இருக்குன்னு இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்கு நானும் போனேன். கல்யாணமாகி முதல் தடவை. பூசாரிக்கு என்னைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கல. அவரும் எங்க தெருதான், என் வயசு, ரெண்டு மாடு வெச்சுப் பால் ஊத்துறவர். என் சம்சாரத்துக்கு அண்ணன் முறை. அன்னிக்கு அவருக்கு வலது கையில் பெரிய கட்டு. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் இழுத்துடுச்சாம். ஒத்தைக் கையால் நார் முடிச்சுப் போட முடியாது. கேக்கிறவளே கட்டக் கூடாது. யார் கட்டுறதுன்னு பூசாரி சுத்திமுத்திப் பார்த்தார். நான் வேற எங்கேயோ பார்த்தேன்.

"அவரே கட்டட்டும்ணா"ன்னாள் என் சம்சாரம். "அவருதான் சாமி இல்லன்றவராச்சே. அவருக்கு எந்தப் பக்கமும் ஓரவஞ்சனை கெடையாது. அதுவும் இல்லாம, அவரு பொய் பண்ண மாட்டாரு."

இந்த வார்த்தையை நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள் கூட மறந்தது இல்லை.

கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பக்கத்துப் பக்கத்தில் நின்னது. ரெண்டு பூவரசு இலை பறிச்சேன். நந்தியாவட்டையில் ஒரு பூ பறிச்சு ஒரு இலையில் மடிச்சேன். அரளிப் பக்கம் கை போகல. மறுபடியும் நந்தியாவட்டையிலேயே பறிச்சேன். ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ. தப்பு பண்றோம்னே தோணல, சத்தியமா சொல்றேன். இல்லாத ஒருத்தி பேரால என் பொண்டாட்டி உசிரை வெச்சுச் சூதாட விடுறதுக்கு நான் ஆள் இல்லைன்னு நெனச்சேன். முடிச்சு ரெண்டும் ஒண்ணு போல இருந்தது. அது என் தொழில்.

பூசாரி இடது கையால் கற்பூரம் காட்டினார். "மனசுல நெனச்சிக்கினியா தங்கச்சி?"ன்னு கேட்டார். "நெனச்சிக்கினேண்ணா"ன்னாள். ஏதோ வேண்டுதல் போலன்னு நான் விட்டுட்டேன். ஒரு பொட்டலத்தை எடுத்து அவளே பிரிச்சாள். வெள்ளை. அந்தப் பூவை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னாள். நான் என்னை மறந்து சிரிச்சுட்டேன். எத்தனையோ நாளுக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

"போலாம்தானே?"ன்னேன்.

அவள் பூவிலிருந்து கண்ணை எடுத்து என் மூஞ்சியைப் பார்த்தாள். "போலாம்யா"ன்னாள்.

இன்னொரு பொட்டலத்தை நானே ஏரிக்குள் எறிஞ்சேன். சாமி வேலையை நான் ஒரு நாள் பார்த்தேன், ஒழுங்காவும் பார்த்தேன்னு உள்ளுக்குள்ள ஒரே கும்மாளம் எனக்கு.

ஆஸ்பத்திரியில் சேருறதுக்கு முந்தின வாரம் முழுக்க அவள் எனக்கு ரசம் வைக்கக் கத்துக்குடுத்தாள். புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு, எப்போ இறக்கணும், எல்லாம். அரிசி எந்த டிரம்மில், பருப்பு எந்த டப்பாவில், ரேசன் கார்டு எந்தப் பெட்டியில்னு காட்டினாள். "சீக்கிரம் வந்துடப் போற, எதுக்குமே இதெல்லாம்?"னு சலிச்சுக்கிட்டேன். "வர வரைக்கும் துன்னணும்ல? ஒண்டியா கீறவன் கடையில துன்னு வயித்த கெடுத்துக்குவ"ன்னாள்.

ஆபரேசனுக்கு முந்தின நாள் சாயந்தரம் அவள் கட்டில் பக்கத்தில் உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு சுளையைக் கையில் வெச்சுக்கிட்டே கேட்டாள்:

"பூ பொய் சொல்லுமாயா?"

கண்டுபிடிச்சுட்டாளோன்னு பயந்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். ரெண்டும் வெள்ளைதான், நான்தான் வெச்சேன், என்னை என்ன வேணா திட்டிக்கோன்னு ரெண்டு வார்த்தை. திட்டியிருப்பாள், ஆரஞ்சுத் தோலை மூஞ்சியில் வீசியிருப்பாள், அவ்வளவுதானே? நான் சொல்லல. அதுக்குப் பதிலா, முப்பது வருசத்தில் என் வாயில் வராத பேச்சு ஒண்ணு வந்தது.

"உன் அம்மனே உத்தரவு குடுத்துட்டா. அப்புறம் இன்னாமே பயம்?"

என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவா சிரிச்சு என் கையைத் தட்டினாள். "பயம் இல்லயா. சும்மா கேட்டேன்"ன்னு சுளையை வாயில் போட்டுக்கிட்டாள்.

ஆபரேசன் முடிஞ்சு அஞ்சாம் நாள் போயிட்டாள். டாக்டருங்க பாடுபட்டாங்க, நான் கண்ணால பார்த்தேன், அவங்க மேல ஒரு சொல் சொல்ல மாட்டேன். ரிஸ்க் இருக்குன்னு சொன்னாங்க, அந்த ரிஸ்க் நடந்துடுச்சு. அவ்வளவுதான் அதில் விசயம்.

சாவு வீட்டில்தான் எனக்குத் தாங்க முடியாம போச்சு. வந்த பொம்பளைங்க எல்லாம் மாரடிச்சுக்கிட்டு அம்மனைத் திட்டினாங்க. பூ வெச்சுக் கேட்டுட்டுத்தான் போனாள்னு எல்லாருக்கும் தெரியும், போனதால அம்மன் உத்தரவு குடுத்திருப்பாள்னும் அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. "உத்தரவு குடுத்துட்டு கைய வுட்டுட்டியேடி பாவி, உனுக்கு கண்ணு அவிஞ்சிபோச்சா"ன்னு ஒருத்தி மண்ணை வாரித் தூத்தினாள். நான் செஞ்சதுக்கு அந்தக் கல்லு திட்டு வாங்குது. எழுந்து நின்னு கத்தணும்னு இருந்தது, அவளை ஏன் திட்டறீங்க, என்னைத் திட்டுங்கன்னு. நான் எழுந்திருக்கவே இல்லை. சாமி இல்லைங்கிறவனுக்குச் சாமி மேல பரிதாபம் வந்ததை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

அது கொரோனாவுக்கு முந்தின வருசம். அப்புறம் ஊரே கதவைச் சாத்திக்கிச்சு. எல்லாரும் தனியா இருக்கோம் தனியா இருக்கோம்னு புலம்பினாங்க. எனக்குப் புதுசா ஒண்ணும் இல்லை.

அந்த வீட்டில் உக்காந்து நான் அந்த வழக்கை விடாம நடத்தினேன். சாமி இல்லைன்னா, அவளை அனுப்பினது நான் ஒண்டி. வேற எவன் தலையிலும் இதைக் கட்ட முடியாது. சாமி இருக்குன்னா? அப்போ நான் பறிக்கும்போது பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாள்? ஒரு பூவை மாத்தி வைக்க முடியாதா அவளால? இல்ல, என் கையில் ஒரு தேளாவது கொட்ட வெச்சிருக்கக் கூடாதா? கட்டுறவன் இஷ்டம்னு விட்டுட்டாளா? விட்டுட்டு என்ன வேடிக்கை பார்க்கிறது? இதெல்லாம் கேப்பேன். கேட்டுட்டு, அவள் இருந்தா இதுக்கு என்ன சொல்லுவாள்னு யோசிச்சு, அவள் பக்கமும் நானே பேசிப் பார்ப்பேன். எனக்கு அவளாட்டம் பேச வரல. நான் பேசினா ரெண்டு பக்கமும் நான் பேசுறது மாதிரியேதான் இருந்தது. ரசம் மட்டும் அவள் சொன்ன மாதிரியே வைப்பேன். ஒருத்தனுக்கு வைக்க அளவு வரல, மிஞ்சிப்போயிடும்.

இந்த வருசம் பங்குனியில் பூசாரி கடைக்கு வந்தார், கோயில் கிணத்து மோட்டாரை டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்துக்கிட்டு. எரிஞ்சுபோன நாத்தம் தூரத்திலேயே அடிச்சது. நான் மோட்டாரைப் பிரிக்க ஆரம்பிச்சேன். அவர் ஸ்டூலில் உக்காந்து பீடி பத்த வெச்சார். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"இன்னா பூசாரி, பூ கேக்க கூட்டம் வருதா?"

"நான் பூ வெக்கறதே இல்ல மெக்கானிக்கு. வுட்டுட்டேன்."

"எப்பத்திலேர்ந்து?"

"உன் சம்சாரம் போனதுலேர்ந்து."

ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டேன். ஏன்னு கேட்டேன். அவர் சொல்ல மாட்டேன்னார். நான் விடல. கடைசியில் பீடியை அணைச்சுட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"உனுக்கு தெரியாது. அவ செவப்பு வந்தா போறதா மனசுல நெனச்சிருந்தா. வெள்ள வந்தா போவக் கூடாது. வந்தது வெள்ள."

எனக்குப் புரியல. "வெள்ள வந்தாதானே போலாம்?"னேன்.

"அது எந்த ஊர்லயோ. நம்ம கோயில்ல எந்தப் பூ எதுக்குன்னு கேக்கறவங்க மனசுலதான். வெளிய சொல்லக் கூடாது. அதான் நான் நெனச்சிக்கினியான்னு கேட்டேன். நீ பக்கத்துலதானே நின்ன?"

நின்னேன். பக்கத்திலேயேதான் நின்னேன். முப்பது வருசமா அந்தக் கோயில்ல என்ன நடக்குதுன்னு அவளை ஒரு வார்த்தை கேட்காம, எல்லாம் தெரிஞ்சவனாட்டம் நின்னேன்.

பூசாரி சொல்லிக்கிட்டே போனார். "அன்னிக்கி சாயந்தரமே திரும்பி வந்தா. எங்கிட்ட சொன்னா. போவாத தங்கச்சி, மூணு நாள் கயிச்சி இன்னொருவாட்டி கேப்போம்னேன். அவ சொன்னா, 'அந்த மனுசன் மூஞ்ச பாத்தியாண்ணா? வெள்ளப் பூவ பாத்துட்டு பச்சக் கொயந்தயாட்டம் சிரிச்சான். அவங்கிட்ட போயி, அம்மா வாணாம்னுட்டாய்யான்னு எப்பிடி சொல்லுவேன்? சண்ட போட்டா கூட தாங்கிப்பேன். அந்த மூஞ்சி சுருங்கறத என்னால பாக்க முடியாது'ன்னா. அப்பால அம்மா முன்னாடி போயி நின்னா. 'நீ சொன்னது காதுல வியுந்துச்சி. ஆனா நான் போறேன். இது என் இஷ்டம். அவன் மேல எதுவும் வெச்சிக்காத'ன்னா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு போனா."

கடைக்கு வெளியே பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சு. பூசாரி துண்டால் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

"பேச்ச மீறினான்னு அம்மா அவ உசுர எடுத்துட்டா மெக்கானிக்கு. அதுக்காவ எடுக்கலாமா ஒரு தாயி? ஆறு வருசமா தீபாராதனை காட்டும்போதெல்லாம் மனசுக்குள்ள அவள திட்டிக்கினுதான் கீறேன். வயித்துப் பொயப்புக்கு மணி அடிக்கறேன். பயமா கீது எனக்கு, அந்த மூஞ்சப் பாக்க."

அப்போதான் சொன்னேன். ஆறு வருசமா சொல்லாததை எரிஞ்ச மோட்டாரைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். "அம்மா எதுவும் சொல்லல பூசாரி. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் இருந்துச்சி. நான்தான் வெச்சேன்."

அடிப்பார்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். அப்புறம், "அப்ப... அவ ஒண்ணுமே சொல்லலயா?"ன்னார். "அம்மா வாணாம்னு சொல்லவே இல்லயா?"

"சொல்லல."

அவர் மூஞ்சியில் ஆறு வருசம் அப்படியே கரைஞ்சு போறதை நான் பார்த்தேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டார், கடைக்குள்ளேயே, கிரீஸ் டப்பாங்களுக்கு நடுவில். "தப்பா திட்டிட்டேனே தாயி, தப்பா திட்டிட்டேனே"ன்னு அழுதார். என்னை ஒரு சொல் சொல்லல. வண்டியை எடுத்துக்கிட்டு நேரா ஏரிக்கரைப் பக்கம் போயிட்டார். அவருக்கு அவர் சாமி கிடைச்சுட்டாள்.

நான் உக்காந்திருந்தேன். அதுவரைக்கும் என் கணக்கில் நான் செஞ்ச தப்பு ஒண்ணுதான்: அவளை ஆபரேசனுக்கு அனுப்பினது. அதுக்குக் கூட சமாதானம் இருந்தது, மாத்திரையில் ஓட்டியிருந்தாலும் எத்தனை நாளோன்னு. இப்போ தெரிஞ்சதுக்குச் சமாதானமே இல்லை. அவள் நம்பின ஒரே ஆளான அந்த அம்மன் அவளை வேணாம்னு சொல்லிட்டதா நெனச்சுக்கிட்டுத்தான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள். ரசம் கத்துக்குடுத்தப்போ அதை நெஞ்சில் வெச்சுக்கிட்டுத்தான் கத்துக்குடுத்தாள். பூ பொய் சொல்லுமாயான்னு அவள் கேட்டது சந்தேகத்தில் இல்லை, ஆசையில். பொய் சொல்லும்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு. பொய் சொன்னவன் பக்கத்தில் உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு, உன் அம்மனே உத்தரவு குடுத்துட்டாள்னு சொன்னான். என் கூட இருந்துக்கிட்டே அவள் ஒண்டியா போனாள்.

மேல உக்காந்து எல்லாத்தையும் எழுதுறவன் ஒருத்தன் இருக்கானா, நம்ம இஷ்டம்னு ஒண்ணு இருக்கா, இதெல்லாம் எனக்கு இனி வேண்டாம். இஷ்டம் இருக்கு. அதை அவள் காட்டிட்டுப் போயிட்டாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவகிட்ட ஒரு சேதி சொல்லணும். அதுக்கு வழி இருக்கா இல்லையா?

மூணாம் நாள் மோட்டாரை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன். உச்சிப் பொழுது. பூசாரி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார். கிணத்தடியில் மோட்டாரைப் பொருத்தி, வயரைக் குடுத்து, சுவிட்சைப் போட்டேன். நல்லா ஓடுச்சு. தண்ணி தொட்டியில் கொட்ட ஆரம்பிச்சது. கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல. கம்பிக் கதவுக்கு வெளியே நின்னேன், உள்ளே அந்தக் கல்லு மஞ்சளோட உக்காந்திருந்தது.

"நீ இல்லன்றது என் கட்சி"ன்னு சொன்னேன். சத்தமா. "இப்பவும் அதான். மாத்திக்கல. ஆனா ஒருவேள இருந்தீன்னா, எனக்கு ஒரு வேல பண்ணு. என்ன ஒண்ணும் மன்னிக்க வாணாம். அவகிட்ட போயி சொல்லு. வாணாம்னு சொன்னது நீ இல்ல, நான்தான்னு சொல்லு. ரெண்டும் வெள்ளன்னு சொல்லு. உன் அம்மா உன்ன கைவுடலமேன்னு சொல்லு. அது போதும்."

சொல்லிட்டு நின்னேன். நான் ஒண்ணு சொன்னா எதிர்ப்பக்கத்திலிருந்து ஒண்ணு வரும், முப்பது வருசப் பழக்கம் எனக்கு அது. ஒண்ணும் வரல. மோட்டார் சத்தத்தில் காதில் விழாம போயிடப் போகுதேன்னு, கிணத்தடிக்கு ஓடிப் போய் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வந்து நின்னேன்.